புது ஹீட்டர் கோர் ஏன் மறுபடியும் ஒழுகியது?

ஸ்கார்பரோ, டொரன்டோ

பழைய காரில் ஹீட்டர் கோர் ஒழுகினால், மாற்ற எவ்வளவு ஆகும் என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். அது ஏன் ஒழுகியது என்று யாரும் கேட்பதில்லை. நான் இதை எழுதுவதே அந்தக் கேள்விக்காகத்தான்.

என்னுடையது 2006ஆம் ஆண்டு செடான், கைமாறி வந்த வண்டி. குளிர்காலத்தில் ஹீட்டரைப் போட்டால் முன்கண்ணாடி உள்பக்கம் மங்கிவிடும். துணியால் துடைத்தாலும் போகாது, பிசுக்காக இழுபடும். எதிரே வரும் வண்டியின் விளக்கு பட்டால் கண்ணாடி முழுவதும் வெளுத்துச் சாலையே மறைந்துவிடும். உள்ளே பாகு காய்ச்சுவது போல ஒரு தித்திப்பு வாடை வேறு. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைந்துகொண்டே வந்தது, ஆனால் வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டுகூட இல்லை.

ஹீட்டர் கோர் என்பது டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு பெட்டிக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டர். எஞ்சினின் சூட்டை வாங்கிவரும் கூலன்ட் அதனுள் ஓடும், ஃபேன் அதன் ஊடே காற்றைத் தள்ளும். அதனால் அது கசிந்தால் கூலன்ட் தரைக்கு வராமல் காலடிக் கார்பெட்டில் இறங்கும், ஆவியாகிக் கண்ணாடியில் படியும்.

எங்கள் பகுதியில் பட்டறை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். முன்பயணி இருக்கைப் பக்கத்துக் கார்பெட்டைத் தூக்கி, அடியிலிருந்த பஞ்சை அழுத்தினார். பச்சையாக நீர் வந்தது. "தம்பி, விரலால் தேய்த்துப் பாருங்கள், வழுக்குகிறதா? அப்படியென்றால் இது மழைத் தண்ணீர் இல்லை" என்றார். பிறகு ரேடியேட்டர் மூடி இருந்த இடத்தில் அழுத்தச் சோதனைக் கருவியைப் பொருத்தி 15 பிஎஸ்ஐ வரை ஏற்றினார். முள் மெல்ல இறங்கியது. எஞ்சின் பக்கம் எங்கும் ஈரமில்லை.

வண்டியோடு வந்த பழைய பில்களில் ஒன்று அவர் கண்ணில் பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு பட்டறையில் ஹீட்டர் கோர் மாற்றியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் அண்ணன் புது கோருக்கு ஆர்டர் கொடுக்கவில்லை. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தார்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையை எந்த உலோகத்திலும் படாமல் கூலன்ட்டில் தோய்க்க வேண்டும். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 0.3ஐத் தாண்டினால் எங்கோ கோளாறு. எஞ்சினை ஓட்டி, சூடேறுவதற்குள் முகப்பு விளக்கையும் ஃபேனையும் போட்டதும் என் வண்டியில் அது 0.6க்கு ஏறியது. மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியான, எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையைத் தொட்டார். இழைகள் கையோடு உதிர்ந்தன, உள்ளே பச்சைப் பொடி. இங்கே குளிர்காலம் முழுவதும் சாலையில் உப்புக் கொட்டுகிறார்கள், அதன் வேலை இது. நேர்வழி அறுந்த மின்சாரம் கூலன்ட் வழியாகப் போகிறது, போகிற வழியில் மெல்லிய அலுமினியத்தை அரித்துவிடுகிறது. முந்தைய பட்டறை கோரை மாற்றியது, காரணத்தை அப்படியே விட்டுவிட்டது.

பேட்டரியைக் கழற்றி, கறுப்பு முனையை எஞ்சின் உலோகத்தில் வைத்த பிறகும் வோல்ட் காட்டினால் குற்றவாளி கூலன்ட்தான், அரிப்பைத் தடுக்கும் சத்து அதில் தீர்ந்துவிட்டது என்று பொருள். முழுவதும் வடித்து, சுத்தம் செய்து, புதிது நிரப்ப வேண்டும்.

பிரிக்கும் வேலை பெரியதுதான். ஏர்பேக் இருப்பதால் பேட்டரியைக் கழற்றிச் சிறிது நேரம் காத்திருந்த பிறகே ஸ்டீயரிங் பக்கம் கை வைத்தார். ஏசியின் வாயுவைக் காற்றில் விடக் கூடாது என்பதால், அதற்குரிய சான்றிதழ் உள்ளவர் வந்து இயந்திரத்தில் இழுத்துக்கொண்டார். ஸ்டீயரிங் தண்டை இறக்கி, டாஷ்போர்டை மொத்தமாக வெளியே எடுத்தார்கள். ஒவ்வொரு போல்ட்டையும் அது வந்த இடத்தின் பெயரெழுதிய பையில் போட்டதைப் பார்த்தபோது எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது. கழற்றிய கோரை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். குழாய்கள் தொட்டியில் சேரும் விளிம்பில் வெள்ளைப் பொடி, அதைச் சுரண்டினால் ஊசி முனையளவு துளைகள்.

கோரின் விலை கூலியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே டாஷ்போர்டு வெளியே இருக்கும்போதே ரப்பர் குழாய்கள், கிளாம்ப்கள், சூடும் குளிரும் மாற்றும் கதவின் மோட்டார் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். கோரைச் சுற்றியுள்ள நுரைப்பட்டையும் புதிதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் காற்று கோருக்குள் நுழையாமல் ஓரமாகத் தப்பிவிடும். நிரப்பும்போது கூலன்ட்டும் வாலை வடிநீரும் பாதிக்குப் பாதி, அது சுமார் -37 டிகிரி வரை உறையாது. குழாய்த் தண்ணீரின் தாதுக்கள் உள்ளே படிந்துவிடும். பிறகு வண்டியின் மூக்கு மேட்டில் இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, டாஷ்போர்டுக்குள் கேட்கும் களகள ஓசை அடங்கும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும்.

கார்பெட்டைச் சும்மா விடாதீர்கள். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் தானாக எளிதில் உலராது, அது நஞ்சு, தித்திப்பும் கூட. நாயும் பூனையும் நக்கினால் உயிருக்கே ஆபத்து, வீட்டில் குழந்தைகள் இருந்தால் சொல்லவே வேண்டாம். நாங்கள் இருக்கைகளை எடுத்து, பஞ்சை வெந்நீரில் அலசி உலர்த்தினோம்.

ஒழுகலை அடைக்கும் திரவத்தை ஊற்றலாமே என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். அது துளையை மட்டும் தேடிப் போகாது, நல்ல குழாய்களையும் சேர்த்தே அடைக்கும்.

எட்மன்டனிலிருந்து

எனக்கு ஒரு பட்டறையில் செலவைக் குறைப்பதாகச் சொல்லி இரண்டு ஹீட்டர் குழாய்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டார்கள். ஒழுகல் நின்றது, ஹீட்டரும் நின்றது. -30 டிகிரியில் நாம் விடும் மூச்சே கண்ணாடியின் உள்பக்கம் உறைந்து படிகிறது. ஒரு கையால் சுரண்டிக்கொண்டே பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போனதை நினைத்தால் இன்றும் நடுங்குகிறது. வண்டியைப் பட்டறை வரை கொண்டுபோக வேண்டுமானால் அது உதவும். அதற்குமேல் இந்த ஊரில் ஒரு நாளும் ஓட்டாதீர்கள்.

சூடு வரவில்லை, ஆனால் கசிவும் இல்லை என்றால் இரண்டு குழாய்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால் பெரும்பாலும் அடைப்புதான். மெதுவான தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு அலசினாலே பலமுறை சரியாகிவிடும்.

கோயம்புத்தூரிலிருந்து

எங்கள் பக்கம் காலடி நனைந்தால் முதலில் ஏசியின் வடிகுழாயைப் பாருங்கள். தூசி அடைத்தால் தண்ணீர் உள்ளேயே திரும்பும். அதற்கு நிறமும் வாடையும் வழுக்கலும் இருக்காது. என் காருக்கு டாஷ்போர்டைப் பிரிக்க நாள் குறித்துவிட்டார்கள், வடிகுழாயை ஊதியதோடு வேலை முடிந்தது. ஆனால் சமவெளியில் ஹீட்டர் எதற்கு என்று குழாயைத் துண்டித்துக்கொண்டவர்கள் அந்த வண்டியில் இரவில் ஊட்டி ஏற வேண்டாம். பனியில் கண்ணாடியைத் தெளியவைக்க அதுதான் வேண்டும்.

மீண்டும் ஸ்கார்பரோ

எட்மன்டன் நண்பருக்கு: புது கோர் போடும் முன் எர்த் பட்டையைப் பாருங்கள், உங்கள் ஊர்ச் சாலையிலும் உப்பு உண்டு. எனக்குப் புதுப் பட்டை போட்ட பிறகு எல்லா விளக்கையும் எரியவிட்டு அளந்தோம், 0.04 வோல்ட். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் எண்ணெய் மாற்றும்போது அதையும் அளந்து எழுதி வைக்கிறேன்.