அப்பத்தாவின் பல் மாத்திரையும் வயிற்றுப்போக்கும்

போன ஐப்பசியில் பள்ளத்தூர் வீட்டில் நடந்தது. அப்பத்தாவுக்குக் கடைவாய்ப்பல்லின் வேரில் சீழ் கட்டித் தாடை வீங்கிவிட்டது. பல் மருத்துவர் கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதிக் கொடுத்தார். வீக்கம் வடிந்தது. அடுத்த வாரம் வயிற்றால் போகத் தொடங்கியது. ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு முறை, வெறும் தண்ணீராக.

"வெள்ளைப் பணியாரம் சேரவில்லை, உன் அப்பச்சியிடம் சொல்லாதே" என்றார் அப்பத்தா, வளவுத் தூணில் சாய்ந்தபடி. எங்கள் பக்கம் அப்பாவை அப்பச்சி என்போம். நானும் நம்பி, மருந்துக் கடையில் போக்கை நிறுத்தும் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். கொடுத்திருக்கவே கூடாது. கிருமியின் நச்சை வெளியேற விடாமல் அது குடலுக்குள் தேக்கிவிடக்கூடும்.

காய்ச்சலும் சேர்ந்ததும் மதுரைக்குக் கொண்டுபோனோம். என்ன சாப்பிட்டார் என்று மருத்துவர் கேட்கவில்லை. "சமீபத்தில் ஆன்டிபயாடிக் எடுத்தார்களா, தம்பி?" என்றுதான் முதலில் கேட்டார். மலப் பரிசோதனையில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியாவின் நச்சு இருந்தது.

பல் வேரில் சீழ் வைக்கும் கிருமிகளில் பல, காற்றில்லாத இடத்தில் வாழ்பவை. பெருங்குடலில் நமக்கு உதவியாக இருப்பவற்றில் பெரும்பாலானவையும் அப்படித்தான். கிளிண்டாமைசின் இரண்டையும் சேர்த்தே அழிக்கிறது. குடலில் இருந்தவை பித்த அமிலத்தை மாற்றி, டிஃபிசிலைத் தலையெடுக்க விடாமல் வைத்திருந்தன. காவல் போனதும், கெட்டியான உறைக்குள் வித்தாகக் கிடந்தது முளைத்துவிட்டது.

"ஆன்டிபயாடிக்கால் வந்ததற்கு மறுபடியும் ஆன்டிபயாடிக்கா?" என்று அப்பச்சி பதறினார். வான்கோமைசினை வாய்வழியாகக் கொடுத்தால் இரத்தத்தில் அநேகமாகச் சேராமல் குடலிலேயே நின்று வேலை செய்யும் என்றார் மருத்துவர். 10 நாள் கொடுத்தோம். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் திரும்பவும் வருமாம். அப்பத்தாவுக்கு மார்கழியில் வந்தது. வீட்டில் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவினோம். சானிடைசர் அந்த வித்தைக் கொல்லாது.

தேவகோட்டையிலிருந்து ஒரு பதில்:
படிக்கும்போதே நெஞ்சு பதறியது. என் மகளுக்குச் சளி பிடித்தபோது, பழைய சீட்டைக் காட்டி அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த மருந்தை நானே வாங்கிக் கொடுத்தேன். சளியோ வைரஸால் வருவது, அதை ஆன்டிபயாடிக் தொடாது. இரண்டாம் நாளே வயிறு கெட்டது, மருந்தை நிறுத்தியதும் சரியானது. அட்டையில் இருந்த சிவப்புக் கோட்டுக்கு, மருத்துவர் சொல்லாமல் சாப்பிடக்கூடாது என்பது பொருள் என்று அதன்பிறகுதான் தெரிந்தது. அப்பத்தாவுக்கு நீராகாரம் கொடுத்தீர்களா?

பள்ளத்தூர்:
தேறிய பிறகு கொடுத்தோம், விரும்பிக் குடித்தார். ஆனால் நீராகாரத்தில் இருக்கும் பாக்டீரியா வேறு, குடல் இழந்தது வேறு. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆரோக்கியமான 12 ஆண்களுக்கு 3 ஆன்டிபயாடிக்குகளை 4 நாள் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றரை மாதத்தில் குடல் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை மீண்டுவிட்டன. முன்பு எல்லோரிடமும் இருந்த 9 வகைகளோ 180 நாள் கழித்தும் பெரும்பாலானவர்களிடம் தென்படவில்லை. அப்பத்தாவின் மருந்துச் சீட்டுகளையெல்லாம் தேதி வாரியாக ஒரு நோட்டில் ஒட்டிவருகிறேன். பல் மருத்துவரிடம் போனாலும் அந்த நோட்டு கூடவே வருகிறது.