வீட்டு ஜெபக்கூட்டத்தை நிறுத்தச் சொல்கிறார்கள்: தொடரலாமா?

சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். தென்மாவட்டத்து ஊராட்சி ஒன்றில், எங்கள் வீட்டு முன்கூடத்தில், கடந்த ஆண்டு முதல் வெள்ளிக்கிழமை மாலைகளில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சில கூடி, ஒலிபெருக்கி இல்லாமல் ஜெபித்து வருகிறோம். சென்ற மாதம் ஒரு புகாரின் பேரில் வந்த அதிகாரி, ஆட்சியரின் முன் அனுமதி இல்லாமல் கூடக் கூடாது என்று வாய்மொழியாகச் சொல்லிச் சென்றார்; எழுத்தில் எதுவும் தரவில்லை.

பொது வழிபாட்டுக்கான கட்டடத்துக்கே அந்த அனுமதி தேவை என்று எடுத்துக்காட்டி, மதச் சுதந்திரம் தரும் அரசியலமைப்பின் 25ஆவது பிரிவையும் குறிப்பிட்டு மனுக் கொடுத்தோம். ஒப்புகைச் சீட்டைத் தவிர வேறு பதில் இல்லை. நேரத்தை முன்னதாக்கினோம், தெருவாசலில் செருப்புகள் குவியாதபடி கொல்லைப்புறத்தில் விடச் சொன்னோம், புகார் கொடுத்தவரையும் நேரில் கண்டு பேசினோம்.

ஆளுகிற அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13ஐ நான் இலேசாக எண்ணவில்லை. "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே" அவசியம் என்று அப்போஸ்தலர் 5:29இல் பேதுரு சொன்னது, இயேசுவின் நாமத்தில் போதிக்கவே கூடாது என்ற தடைக்கு எதிராக. எங்களுக்கோ இடம் மட்டுமே மறுக்கப்படுகிறது, பக்கத்து ஊரில் ஆலயமும் உண்டு. ஆனால் படுக்கையிலிருக்கும் என் அத்தையால் அங்கே வர இயலாது. அவர்களுக்காகத்தான் இந்த ஜெபமே தொடங்கிற்று.

எழுத்துமூலமான உத்தரவு வரும்வரை நாங்கள் கூடுவதைத் தொடர்வதா, அனுமதி கிடைக்கும்வரை நிறுத்திவைப்பதா, எது தேவனுக்குமுன் சரி?