திருமணப் புகைப்படச் செலவை எங்கே குறைக்கலாம்?

வணக்கம். தங்கையின் திருமணத்துக்குப் புகைப்படக் கலைஞரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். கையில் இருக்கும் பணத்துக்குள் முடிக்க வேண்டும். படங்களும் சோடைபோகக் கூடாது.

கேட்ட இடமெல்லாம் ஆல்பம், டிரோன், வீடியோ என்று சேர்த்துக்கட்டித்தான் விலை சொல்கிறார்கள். ஆல்பத்தை விட்டுவிட்டு முழு அளவுக் கோப்புகளை மட்டும் வாங்கி, பிறகு நாமே அச்சிட்டுக்கொண்டால் செலவு குறையுமா? 12க்கு 18 அங்குலப் பக்கம் தெளிவாக அச்சாக, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் 3600க்கு 5400 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சுருங்கி வரும் படம் அதற்கு உதவவே உதவாது. ஆகவே கோப்பின் அளவை முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுவேன்.

டிரோன் வேண்டாம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டாவது புகைப்படக்காரரை நீக்கத்தான் மனம் வரவில்லை. ஒருவர் மணமக்களை எடுக்கும் அதே நொடியில் அம்மாவின் கண் கலங்குவதை யார் எடுப்பது? அவரை முக்கியமான சில மணி நேரத்துக்கு மட்டும் அமர்த்த ஒப்புக்கொள்வார்களா?

இரண்டு மெமரி கார்டுகளில் ஒரே சமயம் பதிவாகும் கேமராதானா என்றும் கேட்கப்போகிறேன். கூடுதல் நேரக் கட்டணம், படங்கள் தரும் தேதி தவிர ஒப்பந்தத்தில் வேறு எதைச் சேர்க்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.