வருஷம் பூரா அலைஞ்சும் கையில ஒண்ணும் நிக்கல, புரோக்கர் தொழிலுக்கு வருஷ பிளான் எப்படி போடுறீங்க?

கூடுவாஞ்சேரி_மனை:
அண்ணன்மாரே, வண்டலூர்ல இருந்து மறைமலைநகர் வரைக்கும் ரீசேல் பிளாட், மனை பாத்துக்கிட்டிருக்கேன், இது நாலாவது வருஷம். 2023 டிசம்பர் கடைசில கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு தொறந்ததுல இருந்து போன் ஓயல, ஆனா வண்டி டியூ கட்ட வீட்ல நகைய வச்சிருக்கேன். போன வருஷ டைரில மொத பக்கத்துல 24 பத்திரம்னு பெருசா எழுதினேன், நடந்தது 11. இப்பவும் 24னு எழுதப் போனா வீட்டம்மா "அதுக்கு பழைய டைரியவே வச்சுக்கோங்க, புதுசு எதுக்கு"ன்னுட்டாங்க. நீங்கல்லாம் எப்படி பிளான் போடுறீங்க?

ஊரப்பாக்கம்_பெருசு:
தம்பி, வீட்டம்மா சொன்னது தான் சரி, பழைய டைரிய எடு. எத்தன சைட் விசிட் கூட்டிட்டுப் போன, எத்தன டோக்கன் அட்வான்ஸ் விழுந்துச்சு, அதுல எத்தன முறிஞ்சுது, முடிஞ்ச பார்ட்டி எங்கருந்து வந்தாங்க, இத எண்ணிட்டு வா. 24ஓ 42ஓ நீ எழுதுறது வெறும் ஆசை, விசிட் மட்டும் தான் உன் கையில இருக்கு.

கூடுவாஞ்சேரி_மனை:
ராத்திரி உக்காந்து எண்ணினேன்ணே. பாதி பேர "வண்டலூர் 2பிஎச்கே பார்ட்டி"ன்னு சேவ் பண்ணி வச்சிருக்கேன், அப்படி மட்டும் நாலு பேரு இருக்காங்க, யாரு யாருன்னு தெரியல 😅 விசிட் 138, டோக்கன் 16, முறிஞ்சது 5, அதுல மூணு லோன் வராம. முடிஞ்ச 11ல 7 பழைய பார்ட்டி, வாட்ச்மேன் மூலமா வந்தது, நான் காசு கட்டி விளம்பரம் போடுற வெப்சைட் போர்ட்டல்ல இருந்து 2 தான்.

ஊரப்பாக்கம்_பெருசு:
பாத்தியா, 138ஐ 11ஆல வகுத்தா பன்னண்டு பதிமூணு விசிட்டுக்கு ஒரு பத்திரம். 16 பத்திரம் வேணும்னா 200 விசிட், பத்து மாசத்துக்கு பிரிச்சா வாரத்துக்கு அஞ்சு, இது முடியுற கணக்கு. அதுக்கும் முன்னாடி லோன் பார்ட்டிகிட்ட விசிட்டுக்கு முன்னயே சம்பள சிலிப்ப கேட்டுடு, முத்திரை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம் கைக்காசுன்னும் சொல்லிடு, 45 லட்சத்துக்கு 4 லட்சத்து 5 ஆயிரம் ஆகும், அத கடைசி வாரத்துல கேட்டா எவனுக்கும் மயக்கம் தான் வரும். கமிஷன் பத்திரத்தன்னிக்கு தான கைக்கு வருது, லோன்ல லீகல், வேல்யுவேஷன்னு ஒன்றரை மாசம் ஓடிடும், அதனால ஆவணில காசு பாக்கணும்னா ஆடில விசிட் போயிருக்கணும். நம்மாளுங்க ஆடி பொறந்தா தூங்கிடுறாங்க. ஆடில பத்திரம் தான்பா போட மாட்டாங்க, வீடு பாக்க யாரு வேணாங்கறா?

ரெண்டு_சாவி:
நான் வாடகை தான் அதிகமா பண்றேன், ஒரு மாச வாடகை கமிஷன், சின்ன காசு தான் ஆனா நின்னு போகாது. பங்குனில இருந்து வைகாசி வரைக்கும் ஸ்கூல் மாத்துறவங்க வருவாங்க, அந்த மூணு மாசத்துல வர்றத தனி அக்கவுண்ட்ல போட்டுட்டேன்னா ஆடி, மார்கழி பெட்ரோல், போன் பில், வீட்டு மளிகை எல்லாம் அதுலயே ஓடிடும். வாடகைக்கு வச்ச குடும்பம் மூணு வருஷத்துல சொந்த வீடு பாத்துக் குடுங்கன்னு நம்மள தான் கூப்புடுவாங்க. தம்பி, உங்க டைரில வாடகை கணக்கே காணோமே?

கணக்குப்புள்ள:
பில்டர்கிட்ட வாங்குற கமிஷன்ல டிடிஎஸ்னு வருமான வரிய முன்னாடியே புடிப்பாங்க, 2024 அக்டோபர்ல இருந்து 5 போயி 2 சதவீதம் தான், ஆனா ரிட்டர்ன் போடாம அத அப்படியே விட்டுடுற புரோக்கருங்க நெறய பேரு. ஆடில சும்மா இருக்கறப்ப அந்த வேலைய முடிங்க. கமிஷன் வரவு வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டினா தான் ஜிஎஸ்டி, இப்போதைக்கு உங்களுக்கு கவலையில்ல. ஆனா புது புராஜெக்ட் விக்கப் போறீங்கன்னா ரெரால, அதான் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துல, ஏஜென்ட் பதிவு போட்டே ஆகணும், இல்லேன்னா ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபா அபராதம், அந்த செலவையும் பிளான்ல எழுதுங்க.

கூடுவாஞ்சேரி_மனை:
வாடகைக்கு 9 வீடு வச்சு விட்டிருக்கேன்க்கா, அந்த காசெல்லாம் டீக்கும் பெட்ரோலுக்குமே போயிருச்சு, எழுதவே இல்ல. போர்ட்டல் பேக்கேஜ சின்னதாக்கிட்டு அந்த ஏழு பேருக்கும் பொங்கலுக்கு ஸ்வீட் பாக்ஸ் குடுக்கலாம்னு இருக்கேன், வாட்ச்மேன் அண்ணனுக்கு வேட்டி. பெருசு அண்ணே, சம்பள சிலிப் கேட்டா பார்ட்டி கோச்சுக்காதா? அத எப்படி பக்குவமா கேக்குறது?