மாசம் 350 டாலர் எச்ஓஏ டவுன்ஹோமா, எச்ஓஏ இல்லாத பழைய வீடா? (டல்லாஸ் பக்கம்)

புதுவீடு_தேடி:
எல்லாருக்கும் வணக்கம். ஃப்ரிஸ்கோல ஒரு டவுன்ஹோம் (பக்கத்து வீட்டோட சுவர் ஒட்டின வீடு), பிளேனோல ஒரு பழைய தனி வீடு, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை. டவுன்ஹோமுக்கு மாசம் 350 டாலர் எச்ஓஏ (வீட்டு ஓனர்ங்க அசோசியேஷன்) ஃபீஸ், கூரை, வெளிச்சுவர், புல் வெட்டுறது எல்லாம் அசோசியேஷனே பாத்துக்கும்னு ரியல்டர் சொல்றார். பிளேனோ வீட்டுக்கு எச்ஓஏவே கிடையாது. வீட்ல டவுன்ஹோம்தான் புடிச்சிருக்கு, எனக்கு அந்த 350 உறுத்திக்கிட்டே இருக்கு. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

ரிச்சர்ட்சன்காரன்:
வேண்டாம் ப்ரோ. வீட்டுக்கடன் முடிஞ்சாலும் இந்த 350 முடியாது, ஏறிக்கிட்டேதான் போகும். ஆறரை பர்சென்ட் வட்டி, 30 வருஷம்னு வச்சுக்கிட்டா மாசம் 350-க்கு சுமார் 55 ஆயிரம் டாலர் லோனே கிடைக்கும், அப்ப அந்த டவுன்ஹோம் அவ்ளோ விலை கூடன்னுதானே அர்த்தம். லெண்டரும் இதைச் சேர்த்துத்தான் உங்க தகுதியைப் பார்ப்பான், நீங்க குடியிருக்கற வீடுன்னா டாக்ஸ்லயும் கழிக்க முடியாது.

பணத்தை விடுங்க. முன்னாடி இருந்த வீட்ல குப்பைத் தொட்டி ஒருநாள் கூடுதலா டிரைவ்வேல நின்னுடுச்சுன்னு போட்டோ எடுத்து லெட்டர் போட்டாங்க, அந்த போட்டோ ஓரத்துல எங்க பாப்பாவோட மூணு சக்கர சைக்கிள் சாஞ்சு கிடந்துச்சு, அடுத்த வாரம் அதுக்கும் ஒரு லெட்டர். அப்ப அப்பா ஆபரேஷனுக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன், மனைவி ரெண்டு குழந்தைகளோட தனியா இருந்தா, போன்ல அழுதுட்டா. பாக்கி வச்சா வீட்டையே ஏலத்துக்கு விடுவாங்க, அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

மதுரை_மல்லி:
ஏலம் விஷயத்துல பாதிதான் சொல்லியிருக்கீங்க தம்பி. வெறும் அபராத பாக்கிக்காக டெக்ஸாஸ்ல ஏலம் விட முடியாது, அசெஸ்மென்ட் (அசோசியேஷன் ஃபீஸ்) பாக்கி இருக்கணும், அப்படியே போனாலும் மீட்டுக்க 180 நாள் டைம் உண்டு. லெட்டர் கொடுமை நிஜம்தான், அதை நான் மறுக்கல.

ஆனா நான் பயப்படறது அதிக ஃபீஸுக்கு இல்ல, கம்மி ஃபீஸுக்கு. நாங்க டவுன்ஹோம் வாங்கினப்ப மாசம் 190 தான், சந்தோஷமா வாங்கிட்டோம். அப்புறம் அசோசியேஷன் போர்டுல சேர்ந்து கணக்கைத் தொறந்து பாத்தா ரிசர்வ்ல (பெரிய ரிப்பேருக்குன்னு சேத்து வைக்கற நிதி) காசே இல்ல, ஏத்தினா ஓட்டு போயிடும்னு பழைய போர்டு பல வருஷமா ஃபீஸைத் தொடவே இல்ல. அந்த ஏப்ரல்லயே எலுமிச்சம்பழ சைஸ்ல ஆலங்கட்டி மழை, கூரை அத்தனையும் போச்சு. மாஸ்டர் பாலிசில (அசோசியேஷனோட இன்ஷூரன்ஸ்) டிடக்டிபிள், அதாவது நம்ம கையில இருந்து போடற பங்கு, கட்டிட மதிப்புல 2 பர்சென்ட், அதைக் கட்ட காசு இல்லாம வீட்டுக்கு 6,400 டாலர் ஸ்பெஷல் அசெஸ்மென்ட்னு தனி வசூல் போட்டோம். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு டீச்சரம்மா செக் புக்கைக் கையில வச்சுக்கிட்டு ரெண்டு தவணையா குடுக்கலாமான்னு எங்கிட்ட கேட்டாங்க, எனக்கு அவங்க முகத்தைப் பாக்க முடியல.

ரிச்சர்ட்சன்காரன்:
அக்கா, இதைத்தானே நானும் சொல்றேன். யாரோ பொறுப்பில்லாம இருந்ததுக்கு நீங்களும் அந்த அம்மாவும் காசு அழுதீங்க. என் கூரைன்னா எப்ப மாத்தணும், யாரை வச்சு மாத்தணும்னு நான் முடிவு பண்ணுவேன். புளோரிடா சர்ஃப்சைடுல 2021 ஜூன் 24 அன்னைக்கு 12 மாடி கட்டிடம் இடிஞ்சு 98 பேர் செத்தாங்களே, அங்கயும் 2018-லயே இன்ஜினியர் காங்கிரீட் சேதத்தை எழுதிக் குடுத்தாச்சு, ஒன்றரை கோடி டாலர் அசெஸ்மென்ட் பாஸ் ஆகறதுக்கு 2021 ஏப்ரல் ஆயிடுச்சு. கூட்டா முடிவெடுக்கறதுன்னா இப்படித்தான் இழுக்கும்.

மதுரை_மல்லி:
இழுத்ததுக்கு காரணமே கையில ரிசர்வ் இல்லாததுதான். அதனாலதான் 2022-ல புளோரிடா சட்டம் போட்டு, மூணு மாடியும் அதுக்கு மேலயும் இருக்கற காண்டோ எல்லாம் ரிசர்வ் ஸ்டடி (எந்த ரிப்பேருக்கு எவ்ளோ சேக்கணும்ங்கற கணக்கு) பண்ணியே ஆகணும்னாங்க. சரி, தனி வீட்டுக்காரங்க எத்தனை பேர் கூரைக்குன்னு மாசாமாசம் எடுத்து வைக்கறாங்க, நீங்க வைக்கறீங்களா?

ரிச்சர்ட்சன்காரன்:
வைக்கறேன், மாசம் 200, தனி அக்கவுண்ட்ல. எல்லாரும் வைக்க மாட்டாங்க, அதை ஒத்துக்கறேன். ஆனா அந்தக் காசு என் பேர்ல இருக்கு, வீட்டை வித்தா என்கூட வரும். ரிசர்வ்ல போட்டது வராது.

செங்கல்பட்டான்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். புது கம்யூனிட்டின்னா பில்டர் கையில போர்டு இருக்கற வரைக்கும் ஃபீஸ் கம்மியா இருக்கும், வீடெல்லாம் வித்து ஓனர்ங்க கைக்கு வந்ததும் ஏறும், எங்களுக்கு அப்படித்தான் ஆச்சு. மட் டாக்ஸ் (தண்ணி, சாக்கடை வசதிக்கான வரி) இருந்தா அது எச்ஓஏல சேராது, தனி.

புதுவீடு_தேடி:
அக்கா, அப்ப நான் எதைக் கேட்டு வாங்கணும்?

மதுரை_மல்லி:
ரீசேல் சர்டிபிகேட், அசோசியேஷன் குடுக்கறது. அதுல ரிசர்வ் எவ்ளோ, ஸ்பெஷல் அசெஸ்மென்ட் ஏதாவது பாஸ் ஆகியிருக்கா, கோர்ட் கேஸ் இருக்கா, பட்ஜெட், பேலன்ஸ் ஷீட் எல்லாம் இருக்கும். அதுக்கு டெக்ஸாஸ்ல 375 டாலருக்கு மேல வாங்கக் கூடாது. காண்ட்ராக்ட்ல எச்ஓஏ அடெண்டம்னு ஒரு இணைப்பு இருக்கும், அதுல நாலாவது பாக்ஸ் 'எனக்கு இந்த விவரம் வேண்டாம்'ங்கறது, நாள் இழுக்கும்னு சில ரியல்டர் அதை டிக் பண்ணிடுவாங்க. முதல் பாக்ஸ் டிக் பண்ணினா, விவரம் கைக்கு வந்த 3 நாளுக்குள்ள புடிக்கலைன்னா டீலை கேன்சல் பண்ணிட்டு எர்னஸ்ட் மணியை (முன்பணம்) திரும்ப வாங்கிக்கலாம். அப்படியே வாங்கினா உங்க பாலிசில லாஸ் அசெஸ்மென்ட் கவரேஜும் (இந்த மாதிரி தனி வசூல் வந்தா உதவற இன்ஷூரன்ஸ்) சேத்துக்கோங்க.

ரிச்சர்ட்சன்காரன்:
இதுல அக்கா சொல்றதுதான் சரி. கூடவே ரூல்ஸ் புக்கையும் வாங்கி ரெண்டு பேரும் உக்காந்து படிங்க, வாடகைக்கு விடலாமா, ரெண்டாவது கார் எங்க நிறுத்தணும், எல்லாம் அதுலதான் இருக்கு.

புதுவீடு_தேடி:
இப்பதான் ரியல்டர் அனுப்பின டிராஃப்டைத் தொறந்து பாத்தேன், நாலாவது பாக்ஸ்தான் டிக் ஆகியிருக்கு. இன்னும் கையெழுத்து போடல. காலைல போன் பண்ணி மாத்தச் சொல்றேன், சர்டிபிகேட் வந்ததும் ரிசர்வ் எவ்ளோன்னு இங்க போடறேன்.