முதல் ரிவெட்டுக்கு முன்: வீட்டில் கட்டும் விமானத்தை எந்த வகையில் பதிவது?

வெள்ளவத்தை, பொறியியல் மாணவன்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் என் சித்தப்பா, வான்ஸ் நிறுவனத்தின் ஆர்.வி. 12 என்ற இரண்டு இருக்கை விமானத்தைத் தம் கராஜில் கட்டி வருகிறார். கட்டுமானப் படங்களையும் வேலைப் பதிவேட்டையும் கொழும்பிலிருந்து ஒழுங்குபடுத்திக் கொடுப்பது என் பொறுப்பு. கடந்த விடுமுறையில் நேரில் சென்று வால் பகுதிக்கு ரிவெட், அதாவது தகடுகளை இணைக்கும் ஆணி, அடிக்கவும் உதவினேன். அங்கே எங்களுக்குள் நீண்ட விவாதமாக இருந்தது ஒன்றுதான்: எந்த வகையில் பதிவது?

அந்த விமானத்துக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. இரண்டும் ‘பரிசோதனை’ என்ற பெரும் பிரிவின் கீழ் வருபவை. முதலாவது, அமெச்சூர் கட்டுமானம். விமானத்தின் பெரும்பகுதியைத் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ தனியாட்களே கட்டியிருக்க வேண்டும். 51 சதவீத விதி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இரண்டாவது, பரிசோதனை இலகு விளையாட்டு விமானம், அதாவது பொழுதுபோக்குக்காகப் பறக்கும் எடை குறைந்த சிறிய விமானம். இதில் 51 சதவீதக் கணக்கே கிடையாது. ஆனால் சான்றிதழ் கையில் கிடைக்கும்வரை உற்பத்தியாளரின் வரைபடத்திலிருந்து சிறிதும் விலகக்கூடாது. சித்தப்பாவுக்குப் பிடித்த வேறொரு கருவிப் பலகையை வைக்க வேண்டுமென்றால், சான்றிதழ் கிடைத்த பிறகுதான் கை வைக்கலாம்.

நான் முதலில் அமெச்சூர் வகையின் பக்கம் நின்றேன். தாமே கட்டுகிறவருக்குச் சுதந்திரம் வேண்டும் என்பது என் வாதம். சித்தப்பா வேறு திசையில் யோசித்தார். அமெச்சூர் வகையில், கட்டியவர் விண்ணப்பித்துத் திருத்துநர் சான்றிதழ் பெற்றால், தம் விமானத்தின் வருடாந்தப் பரிசோதனையில் தாமே கையெழுத்திடலாம். அந்த உரிமை அவரோடு முடிந்துவிடும். நாங்கள் விவாதித்தபோது இருந்த விதியில், விமானத்தை வாங்குபவர் ஒவ்வொரு வருடமும் உரிமம் பெற்ற மெக்கானிக்கைத் தேடிப் போக வேண்டியிருந்தது. இலகு விளையாட்டு வகையிலோ, அடுத்த உரிமையாளரும் 16 மணி நேரப் பயிற்சியை முடித்துத் தம் விமானத்தைத் தாமே பரிசோதிக்கலாம். “எனக்கு அறுபத்தைந்து வயது. இது எனக்குப் பிறகும் பறக்க வேண்டும்” என்றார் சித்தப்பா. அந்த வாதத்துக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

அமெச்சூர் வகையில் ஒருமுறை சான்றிதழ் எடுத்துவிட்டால் பின்னர் இலகு விளையாட்டு வகைக்கு மாற வழியில்லை. அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன். இப்படியான தெரிவைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

தெஹிவளை, ஓய்வுபெற்ற பராமரிப்புப் பொறியியலாளர்

தம்பி, உங்கள் சித்தப்பா சரியான இடத்திலிருந்து யோசித்திருக்கிறார். பலர் எந்தத் தாள் சுலபம் என்று பார்ப்பார்கள். அந்த விமானத்தை இருபது வருடம் யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும்.

பதிவும் வான்தகுதியும் ஒன்றல்ல. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்துக்கான 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையில் பதிவு அடையாளங்களுக்கு 7ஆம் இணைப்பு, வான்தகுதிக்கு 8ஆம் இணைப்பு என்று தனித்தனியாகவே இருக்கின்றன. இலங்கை விமானங்களின் வாலில் நீங்கள் பார்க்கும் 4ஆர் என்பது, இந்த விமானம் எந்த நாட்டுக்குரியது என்பதை மட்டுமே சொல்கிறது. அது பறக்கத் தகுந்ததா என்பதை வேறொரு சான்றிதழ் சொல்ல வேண்டும். உடன்படிக்கையின் 33ஆம் உறுப்புரையின்படி, குறைந்தபட்ச சர்வதேசத் தரத்துக்கு ஏற்ப வழங்கப்பட்ட வான்தகுதிச் சான்றிதழைத்தான் மற்ற நாடுகள் ஏற்க வேண்டும். பரிசோதனை வகைச் சான்றிதழ் அந்தத் தரத்தில் வருவதில்லை. ஆகவே ஒஹாயோவில் முழு உரிமையோடு பறக்கும் விமானம், அந்தத் தாளை மட்டும் காட்டி இரத்மலானையில் இறங்க முடியாது. கடக்கும் ஒவ்வொரு நாட்டிடமும் தனியாக அனுமதி கேட்க வேண்டும். வெளிநாட்டு உறவினரின் விமானத்தைப் பின்னர் இங்கே கொண்டுவரலாம் என்ற கனவோடு என்னிடம் வந்தவர்கள் பலர். அவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்.

கட்டுநாயக்கவில் வேலையிலிருந்த காலத்திலும் பின்னரும், வரைபடச் சுருளோடு இளைஞர்கள் என் வீட்டுக்கு வருவார்கள். ஒருவர் பாதி முடிந்த இறக்கையையே லொறியில் ஏற்றிவந்து காட்டினார். கைவேலை மிக அழகு. இரண்டு பக்கத் தகடும் மூடி ரிவெட் அடித்தாகிவிட்டது. உள்ளே விலா எலும்புகள் எப்படிப் பொருத்தப்பட்டன, என்ன பூச்சு அடித்தார்கள், எந்த உலோகம் என்பதற்கு ஒரு படமும் இல்லை, ஒரு வரிக் குறிப்பும் இல்லை. போல்ட்டுகள் பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகக் கடைகளில் வாங்கியவை. வாகனத்துக்கு அவை நல்ல போல்ட்டுகளாகவே இருக்கலாம். ஆனால் ஏ.என். தர விமானப் போல்ட்டுக்குத் தலையில் அடையாளம் இருக்கும், எங்கிருந்து வந்தது என்று சொல்லும் தாளும் கூடவே வரும். அது இல்லாமல் கையெழுத்துப் போடப் பரிசோதகர் தயங்குவார். அந்த இறக்கையின் ஒரு பக்கத்தைப் பிரிக்கச் சொன்னபோது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். வகையை முன்பே தீர்மானித்திருந்தால், எந்தக் கட்டத்தில் மூடாமல் காத்திருக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

கொட்டாஞ்சேனை, மெல்பேர்ணிலிருந்து திரும்பியவர்

அவுஸ்திரேலியாவில் என் மச்சான் எதிர்கொண்டதும் இதே கேள்விதான், வேறு பெயர்களில். அங்கே ஒருவழி, சிவில் விமானப் பாதுகாப்பு அதிகார சபையிடம் வி.எச். எழுத்துகளோடு பரிசோதனை வகையில் பதிவது. மற்றது, பொழுதுபோக்கு விமான அமைப்பான ஆர்.ஏ.அவுஸில் எண்ணோடு பதிவது. வீட்டில் கட்டியவற்றுக்கு அங்கே 19 என்று தொடங்கும் எண் கிடைக்கும்.

மச்சானுக்கு எண் வழிதான் பிடித்திருந்தது. மருத்துவத் தகுதி அங்கே இலகு, சொந்தப் பாவனைக்கான பராமரிப்பையும் தாமே செய்துகொள்ளலாம். தடையாக நின்றது எடை. இரண்டு இருக்கை, மொத்தம் 600 கிலோ என்பதே அப்போது அங்கே மேல் எல்லை. ஒரு பின்னேரம் இருவரும் காகிதத்தில் கணக்குப் போட்டோம். வெறும் விமானம் 370 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 230. ஆளுக்கு 85 கிலோவாக இருவர் ஏறினால் 60 கிலோ மிச்சம். பெற்றோல் ஒரு லீற்றர் ஏறத்தாழ 0.72 கிலோ. ஆகவே பயணப்பை எதுவுமில்லாமல் 83 லீற்றர். இதற்கு மேல் தடித்த பெயின்ற், தோல் இருக்கை, இரண்டாவது திரை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் எரிபொருள்தான் குறையும். மச்சான் ஆசைப்பட்ட எல்லாவற்றையும் எழுதிக் கூட்டியபோது, இரண்டாவது ஆளுக்கு இடமே இல்லாமல் போனது.

அவர் வி.எச். வழிக்குப் போனார். காரணம் எடை மட்டுமல்ல. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள விமான நிலையம். அப்போது பொழுதுபோக்குச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு கட்டுப்பாட்டு வான்பரப்புக்குள் தாராளமாகப் போய்வர முடியாதிருந்தது. பின்னர் ஆர்.ஏ.அவுஸில் 760 கிலோ வரையான பிரிவும் வந்தது, ஆனாலும் அவர் மாறவில்லை. எங்கிருந்து கிளம்புவீர்கள், எங்கே இறங்குவீர்கள் என்பதை வரைபடத்தில் குறித்துவிட்டு வகையைத் தேடுங்கள்.

பம்பலப்பிட்டி, ஆசிரியை

நான் விமானம் கட்டியவள் அல்ல, அதில் ஏறியவள். கலிபோர்னியாவில் அண்ணா அமெச்சூர் வகையில் கட்டிய விமானத்தின் கதவருகே ‘பரிசோதனை’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். உள்ளே, பயணியின் கண்ணில் படும் இடத்தில், இது அமெச்சூர் கட்டுமானம், வழமையான விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல என்ற அறிவித்தல். அதைப் படித்ததும் எனக்குக் கால் எழவில்லை.

அண்ணா என்னை வற்புறுத்தவில்லை. பதிவேட்டை எடுத்துவந்து மடியில் வைத்தார். எஞ்ஜினும் புரொப்பெல்லரும் சான்றிதழ் பெற்ற சோடியாக இருந்திருந்தால் 25 மணி நேரச் சோதனைப் பறப்பு போதுமாம். அவருடையது அப்படி இல்லாததால் 40 மணி நேரம், பயணி இல்லாமல், ஒதுக்கப்பட்ட பகுதிக்குள்ளேயே பறக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு பறப்புக்கும் எண்ணெய் வெப்பம், தளர்ந்த ஆணி, திருத்திய குறை என்று வரிவரியாக எழுதி வைத்திருந்தார். வாசித்து முடித்துவிட்டு ஏறினேன். வகையைத் தெரிவு செய்கிறவர்கள் பக்கத்து இருக்கையில் இருக்கப்போகிறவரையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

மொறட்டுவை, முதல் வருட மாணவன்

வெள்ளவத்தை நண்பனோடு படிப்பவன் நான். எனக்கு இங்கேயே கட்ட ஆசை. மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி, தம் குடியிருப்பின் மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டியதைப் படித்ததிலிருந்து தூக்கம் வருவதில்லை. 2016இல் மும்பைக் கண்காட்சியில் அதை வைத்தார்கள். பதிவு 2017இல் கிடைத்தது, பறப்பதற்கான அனுமதி 2019இல்தான் வந்தது. தெஹிவளை ஐயா சொன்ன இரண்டு தாள்களின் வேறுபாடு இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. ஐயா, எங்கிருந்து தொடங்க வேண்டும்?

தெஹிவளை, ஓய்வுபெற்ற பராமரிப்புப் பொறியியலாளர்

ஒரு கடிதத்திலிருந்து. இங்கே 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சிவில் விமானச் சட்டம் இருக்கிறது, அதை நடைமுறைப்படுத்தும் சிவில் விமானச் சேவைகள் அதிகார சபை இருக்கிறது. வாய்மொழியாக யார் என்ன சொன்னாலும், நான் உட்பட, அதை நம்பி ஒரு தகடும் வாங்காதீர்கள். எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள்.

‘விமானம் கட்டலாமா’ என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்த வடிவமைப்பு, உயர்ந்தபட்ச எடை எவ்வளவு, எத்தனை இருக்கை, எந்த எஞ்ஜின், தயாரான பாகங்களோடு வரும் உபகரணத் தொகுதியா வரைபடம் மட்டுமா என்று முதல் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் கேள்விகள். எந்த வகையில் பதிவு ஏற்கப்படும்? தகடு மூடுவதற்கு முன் யார் வந்து பார்ப்பார்? வான்தகுதிக்கு எந்த ஆவணம் வழங்கப்படும், அதன் கட்டுப்பாடுகள் என்ன? சோதனைப் பறப்பு எங்கே? பின்னர் பராமரிப்பில் யார் கையெழுத்திடலாம்? உரிமையாளர் மாறினால் அந்த உரிமை என்னவாகும்? வெளிநாட்டு உபகரணத் தொகுதி என்றால், அது அந்த நாட்டின் பெரும்பகுதி விதிக்கு (51 சதவீத விதி போன்றது) உட்பட்டது என்பதற்கான தாளையும் இணையுங்கள். கடற்கரை ஓரத்தில் கட்டுகிறீர்கள் என்பதால், அலுமினியத்தின் வெட்டிய விளிம்புகளுக்கு என்ன பூச்சு அடிப்பீர்கள் என்பதையும் எழுதுங்கள். உப்புக் காற்று எங்கள் பக்கத்தில் எதையும் விட்டுவைப்பதில்லை. கடிதத்தை எழுதிக்கொண்டு வாருங்கள் தம்பி, அனுப்புவதற்கு முன் சேர்ந்து பார்ப்போம்.

வெள்ளவத்தை, பொறியியல் மாணவன்

எல்லோருக்கும் நன்றி. அமெரிக்காவில் கணக்கே கொஞ்சம் மாறியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2025 ஜூலையில் வெளியான புதிய விதியின்படி, அதே வருடம் ஒக்டோபர் 22 முதல் விளையாட்டு விமானி உரிமத்துக்கு 600 கிலோ என்ற எல்லை இல்லை. தூக்குவிசையை இழக்காமல் விமானம் பறக்கக்கூடிய மிகத் தாழ்ந்த வேகம் 59 நொட்டுக்கு மேல் போகக்கூடாது என்பதே முக்கியம். நான்கு இருக்கை விமானத்தையும் ஓட்டலாம், ஆனால் ஒரு பயணியைத்தான் ஏற்றலாம். சாரதி அனுமதிப்பத்திரத்தை மருத்துவத் தகுதியாகக் காட்டிப் பறக்க விரும்புவோர் சிறிய வகைக்குள் ஒடுங்க வேண்டிய தேவை இதனால் பெரிதும் குறைந்துவிட்டது.

ஆனால் சித்தப்பாவின் காரணம் அது அல்ல என்பதால் அவர் முடிவு மாறவில்லை. இலகு விளையாட்டு வகைதான். கொட்டாஞ்சேனை அண்ணாவின் எடைக் கணக்கை அனுப்பினேன், இருக்கைக்கு வாங்க நினைத்த தோலை விட்டுவிட்டார். கருவிப் பலகை இப்போதைக்கு வரைபடத்தில் உள்ளபடியே இருக்கும். மொறட்டுவை நண்பனும் நானும் கடிதத்தின் முதல் பக்கத்தை எழுதிவிட்டோம். எஞ்ஜின் எது என்பதில் மட்டும் இன்னும் உடன்பாடு இல்லை, அதைத் தீர்த்துக்கொண்டு தெஹிவளைக்கு வருகிறோம், ஐயா.