அலாய் சக்கரங்களைச் சீர்செய்தல் (புதுப்பிப்பு): இரண்டு முடிந்தன

திருவான்மியூர் கடற்காற்றிலேயே பல ஆண்டுகள் நின்ற எங்கள் காரின் அலாய் (அலுமினியக் கலப்புலோக) சக்கரங்களில் மேற்பூச்சு உரிவதையும், அவற்றை வீட்டிலேயே சீர்செய்யப்போவதையும் சென்ற மாதம் இங்கே எழுதியிருந்தேன். நான்கில் இரண்டு முடிந்துவிட்டன.

பெயின்ட் ரிமூவரைத் தடவிச் சற்று நேரம் விட்டதும் பூச்சு சுருங்கி எழுந்தது. ஆனால் அதற்கடியில் புழு ஊர்ந்த தடம்போல வெள்ளைக் கோடுகள் விளிம்பிலிருந்து உள்நோக்கி ஓடியிருந்ததைக் கண்டபோது மனம் கனத்தது. அந்த அரிப்பை அப்படியே விட்டு மேலே பூச்சடித்தால் அது மீண்டும் கொப்பளித்துக் கிளம்பும் என்பதால், 120 எண் உப்புத்தாளில் தொடங்கி 240, 400 என்று மேலும் நைசான தாள்களுக்கு மாறி, கோடுகள் முற்றிலும் மறைந்து வெறும் உலோகம் தெரியும்வரை தேய்த்தேன். ஒரு சக்கரத்துக்கே இரண்டு மாலைப்பொழுதுகள் பிடித்தன. காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கலாம் என்று சிலர் சொன்னதை நான் ஏற்கவில்லை. அது பூச்சோடு அலுமினியத்தையும் சேர்த்தே தின்றுவிடும்.

தேய்த்த அலுமினியத்தில் ஆக்சைடு உடனே படியத் தொடங்கும் என்பதால், துடைத்த கையோடு எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்தேன். நட்டு உட்காரும் பள்ளங்களை மட்டும் டேப் ஒட்டி மறைத்தேன். அங்கே பூச்சு தடித்தால் பின்னர் நட்டின் இறுக்கம் தளரக்கூடும்.

மீதி இரண்டையும் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் முடிக்க வேண்டும். காற்றில் ஈரம் ஏறிவிட்டால் கிளியர் கோட் என்ற நிறமற்ற மேற்பூச்சு வெளுத்துப்போகும்.